இறக்கத்தில் லிட்டருக்கு எத்தனை

எந்தக் கார் வாங்கலாம் என்றுதானே கேட்டீர்கள். சொல்கிறேன், உட்காருங்கள். பொள்ளாச்சி பஸ் பன்னிரண்டு இருபதுக்கு. இப்போது பதினொன்று நாற்பது. முழுசாக நாற்பது நிமிஷம் இருக்கிறது. காலடியில் இருக்கும் அந்தக் கேனை மட்டும் இடித்துவிடாதீர்கள். பெட்ரோல். ஐந்து லிட்டர். டீக்கடைக்காரர் இரண்டு தடவை சத்தம் போட்டுவிட்டார். "பெருசு, அடுப்புக்குப் பக்கத்துல அதை வெச்சுட்டு உட்கார்ந்திருக்கீங்களே, என்னையும் சேர்த்து அனுப்பறதா உத்தேசமா?" என்றார். பக்கத்தில் இல்லை. அடுப்பிலிருந்து பன்னிரண்டு அடி. காலடி வைத்து அளந்துதான் உட்கார்ந்தேன்.

நான் புதிய ஆட்களிடம் பேசுகிறவன் இல்லை. நீங்களாக இந்த நோட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டதால் பேசுகிறேன். படிப்பு ஆறாம் வகுப்பு வரைக்கும்தான். வால்பாறை ஸ்டாண்டில் முப்பத்தாறு வருஷம் டாக்ஸி ஓட்டினேன். நோட்டில் வண்டிக்கு மூன்றே பத்தி. வழியில் எத்தனை முறை நின்றது, அது நம்பகம். எஞ்சினில் என்ன வகை, அது நடுப்பத்தி. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர், அது கடைசி. கம்பெனிக்காரன் விளம்பரத்தில் போடுகிற எண்ணை நான் எழுதுவதில்லை. நான் அளந்ததைத்தான் எழுதுவேன். ஸ்டாண்டில் பதினொரு வண்டி. யார் புது வண்டி எடுப்பதானாலும் முதலில் என்னிடம்தான் வருவார்கள். எனக்கு 'லிட்டர்' என்றே பேர். "லிட்டர் என்ன சொல்றாரு?" என்று கேட்டுவிட்டுத்தான் முன்பணம் கட்டுவார்கள். இப்போது கேட்பதில்லை. அது இருக்கட்டும்.

அதோ இறங்கி வருகிறதே, அது எங்கள் வண்டி இல்லை. வெள்ளைதான், ஆனால் மேலே கேரியர் இருக்கிறது. எங்களுடையதில் கிடையாது. என் மகள் கோகிலவாணி ஓட்டிக்கொண்டு வருகிறாள். வால்பாறையில் டேங்க் கழுத்துவரை நிரப்பிக்கொண்டு சரியாகப் பத்து மணிக்குக் கிளம்பினாள். நான் முதல் பஸ்ஸிலேயே இறங்கி வந்துவிட்டேன், இங்கே காத்திருந்து, டேங்கில் குறைந்ததை இந்தக் கேனிலிருந்து ஊற்றி அளப்பதற்காக. நாற்பத்தொரு கிலோமீட்டர், நாற்பது கொண்டை ஊசி வளைவு. பதினொன்று இருபதுக்கு மலையடிவாரத்து இந்த செக்போஸ்டைத் தாண்டியிருக்க வேண்டும். இருபது நிமிஷம் தாமதம். யானை நின்றிருக்கும். சுற்றுலாக்காரர்கள் வண்டியைக் குறுக்கே போட்டு வரையாட்டைப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். எத்தனையோ இருக்கிறது.

எங்கள் மலைக்குத் தெரிந்த மூன்று கம்பெனியைச் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள்.

முதலாவது சாரதி. பழைய டீசல். என்னுடையது இருபத்தாறு வருஷம் ஓடியது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் தோள்பட்டை கழன்றுவிடும். பிரேக்கை மிதித்தால் நம் கால் பலம் அப்படியே சக்கரத்துக்குப் போகும், நடுவில் ஒரு துணையும் கிடையாது. முப்பத்தொரு முறை வழியில் நின்றிருக்கிறது. ஆனால் நான் நிறுத்த நினைத்தபோது ஒரு முறைகூட நிற்காமல் போனதில்லை. லிட்டருக்குப் பத்தொன்பது புள்ளி ஆறு.

இரண்டாவது நோவன். பெட்ரோல். சின்ன எஞ்சின், மூன்றே சிலிண்டர், டர்போ. அதாவது, வெளியே போகிற புகையை வைத்தே ஒரு காற்றாடியைச் சுற்றவிட்டு எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும். ஏற்றத்தில் மிதித்தால் பின்மண்டை சீட்டில் இடிக்கும், அப்படி ஒரு இழுப்பு. விளம்பரத்தில் இருபத்தொன்று. நான் அளந்தபோது பதினாறு புள்ளி எட்டு.

மூன்றாவது ஹிகாரு. டர்போ கிர்போ ஒன்றும் இல்லை. நான்கு சிலிண்டர், சாதா பெட்ரோல் எஞ்சின். ஸ்டாண்டில் இரண்டு பேர் வைத்திருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்து இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடி ஒரே ஒரு முறை நின்றது. அதுவும் எலி ஒயரைக் கடித்ததால். எலியைக் கம்பெனி பேரில் எழுத முடியுமா? நான் எழுதவில்லை. நம்பகம் பத்தியில் பூஜ்யம். முப்பத்தாறு வருஷத்தில் நான் போட்ட ஒரே பூஜ்யம் அதுதான். மூன்று வாரத்துக்கு முன்னால் கோகிலா வாங்கியது அந்த வண்டிதான். சாரதியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டோம். இப்போது டாக்ஸி ஓட்டுவது அவள்தான். வால்பாறையில் பெண் டிரைவர் அவள் ஒருத்திதான்.

டீ சொல்லட்டுமா? வேண்டாமா. சரி.

அந்தப் பழைய சாரதி எப்படிப் பத்தொன்பது கொடுத்தது என்று நீங்கள் கேட்கவில்லை. எல்லோரும் கேட்பார்கள். அதில் மாயம் ஒன்றும் இல்லை. அட்டகட்டியிலிருந்து இந்த செக்போஸ்ட் வரை பதினெட்டு கிலோமீட்டர் வெறும் இறக்கம். அட்டகட்டியில் எஞ்சினை அணைத்துவிட வேண்டும். வண்டி தானாக இறங்கும். சாவியை வெளியே எடுக்கக்கூடாது, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். ஒரு கட்டம் திருப்பினால் போதும். இது நான் கண்டுபிடித்ததில்லை. டீசல் கிடைக்காமல் கேனைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்ற வருஷத்தில் எங்கள் ஸ்டாண்டில் எல்லோரும் இப்படித்தான் இறக்கினார்கள். அப்புறம் ஒவ்வொருவராக விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை. எஞ்சின் சத்தம் நின்றதும் காடு பேசுவது கேட்கும். டயர் உருளுவதும் காற்றும்தான். ஏழாயிரத்து நானூறு முறைக்குமேல் அப்படி இறங்கியிருக்கிறேன்.

இதுவும் இல்லை. இது ஜீப். மேலே போகிறது. போலீஸ் ஜீப்தான், ஆனால் விளக்கு சுழலவில்லை, பார்த்தீர்களா? விளக்கு போடவில்லை என்றால் அவசரம் இல்லை என்று அர்த்தம்.

தேவசகாயம் என்று ஒருத்தர் இருந்தார். எங்கள் ஸ்டாண்டுதான். நாகர்கோவில் பக்கத்துக் குடும்பம், அப்பா காலத்தில் எஸ்டேட்டுக்கு வந்தவர்கள். நாற்பத்தாறு வயது. அந்த நோவன் அவருடையது. என்னைக் கேட்காமல் வாங்கினார். அதனால் எனக்கு வருத்தம் இல்லை. யாரும் கேட்டே தீர வேண்டும் என்று நான் சொன்னதில்லை. போன வருஷம் பொங்கல் முடிந்த வாரம் அவர் வண்டியை அளந்து, பதினாறு புள்ளி எட்டு என்று ஸ்டாண்டில் வைத்துச் சொன்னேன். சத்தமாகச் சொல்லவில்லை. எனக்குச் சத்தமாகப் பேச வராது. ஆனால் பசங்கள் பிடித்துக்கொண்டார்கள்.

"என்ன தேவு அண்ணே, உங்க டர்போ குடிக்கற வேகத்துக்கு அதையே ஒரு பங்க் வெக்கச் சொல்லலாம் போல."

"லிட்டரோட பாட்டி வண்டி பத்தொம்பது குடுக்குது. உங்க புது மாப்பிள்ளைக்குத் தொந்திதான் வளருது."

பத்து நாள் இப்படி. அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். பதினொன்றாவது நாள் மத்தியானம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, உள்ளதைச் சொல்லும். உம்ம டப்பாவுக்கு மட்டும் எப்படி வருது? இந்தப் பயலுவ வாயை அடைக்கணும்."

"தம்பி, நீங்க அட்டகட்டியில அணைக்கறீங்களா?"

"அணைக்கலியே. புது வண்டில்லா. அணைக்கலாமா?"

"இறக்கத்துல எஞ்சினுக்கு என்னங்க வேலை?"

இவ்வளவுதான் சொன்னேன். நான்கு வார்த்தை. எத்தனையோ தடவை எண்ணிப் பார்த்திருக்கிறேன், நான்குதான். அணையுங்கள் என்று சொல்லவில்லை. சாவியைத் தொடுங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. ஒரு கேள்வி கேட்டேன், அவ்வளவுதான்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பது ஐந்துக்குக் கிளம்பிப் போனார். சவாரி இல்லை, ஆள் மட்டும்தான். பொள்ளாச்சியில் ஒருவரை ஏற்றி வர வேண்டும் என்று போனார். பதின்மூன்றாவது வளைவில் கைப்பிடிச் சுவர் உடைந்திருந்தது. நூற்று எண்பது அடி.

எங்கள் மெக்கானிக் ஹனீபா பாய் கயிறு கட்டி இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சாவி அணைஞ்சிருக்குண்ணே. இப்ப வர்ற வண்டியில எஞ்சின் ஓடினாத்தான் பிரேக்குக்குத் துணை. அணைச்சுட்டா ரெண்டு மிதி கேக்கும், மூணு மிதி கேக்கும். அப்புறம் பெடல் கல்லு. எவன்ணே இவருக்கு அணைக்கச் சொன்னான்?"

"எல்லா வண்டியிலுமா பாய்?" என்று கேட்டேன்.

"எல்லாத்துலயுந்தான்" என்றார்.

பாய் நல்ல வேலைக்காரர், தவறாக எண்ண வேண்டாம். ஆனால் ஹிகாருவை அவர் ஒரு முறைகூடப் பிரித்துப் பார்த்ததில்லை. பழுதானால்தானே பிரிப்பதற்கு? பார்க்காத வண்டியைப் பற்றி எப்படிச் சொல்ல முடியும்? அன்றைக்கே நோட்டை எடுத்து, நோவனுக்கு நேராக நம்பகம் பத்தியில் எழுதினேன். 'பிரேக், ஒன்று.'

பதினொன்று ஐம்பத்திரண்டு. போன் எடுக்காது, நடுவில் டவர் கிடையாது. நான் இதுவரை ஆறு தடவை போட்டுப் பார்த்தேன், சும்மாதான்.

துக்கத்துக்குப் போயிருந்தேன். கடைசியில், சுவரோரமாக உட்கார்ந்தேன். அவர் மனைவி எஸ்தர் ராணி எழுந்து நேராக என்னிடம் வந்தார். அழுகை எல்லாம் நின்றிருந்தது. "திங்கக்கிழமை வீட்டுக்கு வந்து, லிட்டர் அண்ணாச்சி எனக்கு ஒரு வழி சொல்லிட்டாருன்னு சந்தோசமா சாப்பிட்டாரு. என்ன வழி சொன்னீங்க அண்ணாச்சி?" என்றார். "மைலேஜ் விஷயமா" என்றேன். அவர் அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் என்று அன்றைக்கு மட்டும் நான் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஸ்டாண்டில் நான் உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகிவிடும். சண்டை ஒன்றும் இல்லை. எழுந்து போய்விடுவார்கள். பதினொரு வண்டிக்காரர்களில் ஏழு பேர் பேசுவதே இல்லை. வண்டி எது வாங்கலாம் என்று ஒரு வருஷம் ஒரு மாதமாக யாரும் கேட்கவில்லை. நீங்கள்தான் கேட்டீர்கள்.

அதனால்தான் இன்றைக்கு இது. உங்களுக்குப் புரிகிறது அல்லவா? ஹிகாரு அட்டகட்டியில் அணைத்து நல்லபடியாக இங்கே வந்து நின்றுவிட்டால் விஷயம் முடிந்தது. அணைத்ததில் தவறில்லை, நோவன் கம்பெனி பிரேக்கில்தான் தவறு என்று ஆகிவிடும். எஸ்தருக்கும் போய்ச் சொல்லிவிடலாம். நோட்டையே கொண்டுபோய்க் காட்டலாம்.

கோகிலா முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. அவளுக்கு என்னைவிடப் படிப்பு அதிகம், பன்னிரண்டாம் வகுப்பு. "அப்பா, இப்ப வர்ற எஞ்சின்ல கியரோட இறங்கினாலே பெட்ரோல் தானா நின்னுரும். கம்ப்யூட்டரே அறுத்துரும். அணைக்கறதால ஒரு சொட்டும் மிச்சம் ஆகாதுங்கப்பா" என்றாள்.

"எண்ணெய் இல்லாம எஞ்சின் எப்படிம்மா சுத்தும்?"

"சக்கரம் சுத்துது, அது எஞ்சினைச் சுத்த வெக்குது. சைக்கிள்ல இறக்கத்துல பெடல் சும்மா சுத்தற மாதிரின்னு வெச்சுக்கங்க."

சைக்கிளில் இறக்கத்தில் பெடல் சுற்றாது. நான் அதைச் சொன்னதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்ககிட்ட மனுசி பேச முடியுமா?" என்று தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனாள். நான் சாப்பிடவில்லை, அவ்வளவுதான். மிரட்டுவதற்காக இல்லை, பசிக்கவில்லை. இரண்டு நாள். ஆறு வேளை. நேற்று ராத்திரி வந்து, "சரிங்கப்பா. ஒரே ஒரு தடவை. அணைச்சு இறக்கறேன். அதுக்கப்புறம் அந்த நோட்டை அடுப்புல போட்டுரணும்" என்றாள். சரி என்றேன். இதோ, கஞ்சி குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

இருங்கள், பைக்கில் இறங்கி வருகிறாரே, அவரை ஒன்று கேட்கிறேன்.

கேட்டீர்களா? இருபதாவது வளைவுக்குமேல் ஒரு வெள்ளை வண்டி ஓரமாக நிற்கிறதாம். பிரேக் தீய்ந்த வாடை வருகிறதாம். உள்ளே ஆள் இருந்ததா என்று கேட்டதற்குப் பார்க்கவில்லை என்கிறார். மலையில் வெள்ளை வண்டிக்குப் பஞ்சமா? இன்று காலையிலிருந்து இறங்கிய முப்பத்திரண்டில் பத்தொன்பது வெள்ளை. அது எதுவாகவும் இருக்கலாம். அது நோவனாகக்கூட இருக்கலாம்.

உங்கள் முகம் ஏன் இப்படி ஆகிவிட்டது? நான் போய்ப் பார்க்க வேண்டும் என்கிறீர்களா? எதில் போவது? மேலே போகிற பஸ் ஒரு மணிக்குத்தான். நடந்து ஏறவா? எனக்கு அறுபத்தெட்டு.

பன்னிரண்டு மணி. பன்னிரண்டு மூன்று.

பன்னிரண்டு ஆறு.

அதோ. கேரியர் இல்லை. அதுதான். அதேதான்! எழுந்திருங்கள், வழி விடுங்கள், கேன், கேனைப் பார்த்து. வந்துவிட்டாள். நான் சொன்னேனே. வண்டி நிற்கிறது பாருங்கள், வந்து அழகாக நிற்கிறது.

இடது பக்கக் கண்ணாடி எங்கே அம்மா? கதவு முழுக்க ஏன் கீறல்?

உட்காரு. முதலில் உட்காரு. ஐயா, கொஞ்சம் தண்ணீர் வாங்கி வாருங்கள், புண்ணியமாகப் போகும். இவள் உதடு வெளுத்துப் போயிருக்கிறது. குடிம்மா. மெதுவாக.

அட்டகட்டியில் அணைத்தாளாம். சொன்னபடி ஒரு கட்டம்தான் திருப்பினாளாம். நீங்களும் கேளுங்கள், இவள் சொல்வதைக் கேளுங்கள். "முதல் மிதி நல்லா இருந்துச்சு. ரெண்டாவதும் இருந்துச்சு. மூணாவது மிதியில பெடல் இறங்கவே இல்லப்பா. செவுத்தை மிதிச்ச மாதிரி. ரெண்டு காலையும் வெச்சு ஏறி நின்னு மிதிச்சேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்துட்டு மலைப் பக்கமா ஒடிச்சுட்டேன். பாறையில உரசி உரசித்தான் நின்னுச்சு." அப்புறம் நாற்பது நிமிஷம் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாளாம். பிறகு எஞ்சினைப் போட்டு, இரண்டாவது கியரில் இங்கே வரைக்கும்.

அழாதே. அழாதே அம்மா. என்ன சொல்கிறாய்? சத்தமாகச் சொல்.

"தேவசகாயம் மாமாவுக்கும் இதேதாம்பா ஆயிருக்கும்" என்கிறாள்.

அது நோவன்.

இல்லை ஐயா, நீங்கள் நடுவில் பேச வேண்டாம். அது வேறு கம்பெனி, இது வேறு கம்பெனி. இவள் கால் பலம் போதவில்லை. பெண் பிள்ளை, பயந்துவிட்டாள். ஏழாயிரம் முறை இறங்கிய கால் வேறு. அந்தப் புனலை எடுங்கள், நான் அளந்துவிடுகிறேன். வந்த காரியம் முடியட்டும். மூடியைத் திறங்கள். ஒரு லிட்டர். ஒன்று இருநூறு. ஒன்று நானூறு. மெதுவாக. குமிழி அடங்கட்டும். ஒன்று நானூற்று அறுபது. கழுத்துக்கு வந்துவிட்டது. நாற்பத்தொன்றை ஒன்று புள்ளி நான்கு ஆறால் வகுத்தால், இருபத்தெட்டு புள்ளி பூஜ்யம் எட்டு.

இருபத்தெட்டு!

"நின்ன இடத்துலருந்து பதினாறு கிலோமீட்டரும் எஞ்சின் ஓடிட்டேதான் வந்துச்சு. நான் சொன்னது இதைத்தானேப்பா. இன்னும் உங்களுக்கு என்ன வேணும்?" என்கிறாள். கேட்டீர்களா ஐயா, எஞ்சினை ஓட்டியே இருபத்தெட்டு வந்திருக்கிறது. முழுக்க அணைத்திருந்தால் முப்பதைத் தாண்டும். முப்பத்திரண்டுகூட வரலாம். ஆனால் இதை எழுத முடியாது. பாதியில் நிறுத்தியது கணக்கே இல்லை. இதை எடுத்துக்கொண்டு நான் எஸ்தர் முன்னால் எப்படிப் போய் நிற்பேன்?

நான் போகிறேன். அட்டகட்டி வரைக்கும்தான், இங்கிருந்து பதினெட்டு கிலோமீட்டர். டிக்கியில் இன்னொரு கேன் இருக்கிறது, அங்கே வைத்துக் கழுத்துவரை நிரப்பிக்கொள்வேன். சாவியை உள்ளங்கையில் மூடி வைத்துக்கொண்டிருக்கிறாள், கொடுக்கமாட்டாளாம். கொடுக்க வேண்டாம். இன்னொரு சாவி என் பையில் இருக்கிறது. கையை விடம்மா. எல்லோரும் பார்க்கிறார்கள். சட்டையை விடு.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஓட்டுகிறவனே அளக்கக்கூடாது, அளந்தால் கை தன் பக்கம் சாயும். கோடு போட்ட இந்த அளவுக் குவளையை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். இந்தக் கேனும் உங்களிடம் இருக்கட்டும். கோடு கண்ணுக்கு நேராக வர வேண்டும், குனிந்துதான் பார்க்க வேண்டும். பஸ்ஸை விட்டால் அடுத்தது ஒன்று நாற்பதுக்கு இருக்கிறது. ஒன்றரைக்கெல்லாம் நான் இறங்கி வந்துவிடுவேன். நோட்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

பார்த்தீர்களா, அவளாகவே வந்து என் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டாள். "நீங்க போனா நானும் வர்றேன்" என்கிறாள். ஒரு கை ஹேண்ட் பிரேக்கில், ஒரு கை சாவிப் பக்கம். பரவாயில்லை, அவளுக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. நான் அறுபத்திரண்டு கிலோ. அவள் ஐம்பத்தெட்டு. மொத்தம் நூற்றிருபது. எடை கூடினால் ஏற்றத்தில்தான் எண்ணெய் கூடும். இறக்கத்தில் கூடாது. இறக்கத்தில் வண்டி இன்னும் நன்றாகத்தான் ஓடும்.